சொந்த விவரங்களின் பாதுகாப்பு: அரசு அலுவலகங்களும் வேலையளிப்போரும்

நம் நாட்டில் ஒருவர் அரசுப் பணியிலோ பெரிய தொழில் நிறுவனத்திலோ சேரும் நாளில் எத்தனை படிவங்களை நிரப்புகிறார் என்பதை அவரே நினைவில் வைத்திருப்பதில்லை. பிறந்த தேதி, அங்க அடையாளம், சாதிச் சான்று, பெற்றோரின் தொழில், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, காவல் துறையின் சரிபார்ப்புக்கான படிவம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், குடும்ப உறுப்பினர் பட்டியல், வருங்கால வைப்பு நிதிக்கான நியமனம் என்று அவை நீளுகின்றன. அதே மனிதர் ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும்போது அதே விவரங்களை வேறு தாள்களில் மறுபடியும் தருகிறார். தந்தபின் அவை யார் கையில் இருக்கின்றன, எவ்வளவு காலம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் பெரும்பாலோருக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்த பின்பே எழுகிறது.

எல்லா விவரங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஒருவரின் பதவிப் பெயர் வெளியே தெரிவதால் கேடில்லை. அவருடைய நோயின் பெயர் வெளியே தெரிந்தால் வாழ்க்கையே மாறிவிடலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-அ பிரிவின்கீழ் 2011இல் இயற்றப்பட்ட விதிகள், கடவுச்சொல், வங்கிக் கணக்கு முதலிய நிதி விவரங்கள், உடல்நிலை, மனநிலை, மருத்துவ வரலாறு, பாலியல் நாட்டம், கைரேகை போன்ற உடற்கூற்று அடையாளங்கள் ஆகியவற்றைக் கூர் உணர்வுக்குரிய விவரங்கள் என வகைப்படுத்தின. இப்பட்டியலில் சாதி இடம்பெறவில்லை. நம் சமுதாயத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்கும். நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018இல் அளித்த வரைவு மசோதாவில்தான் சாதியும் சமயமும் இவ்வகையில் சேர்க்கப்பட்டன. 2011ஆம் ஆண்டு விதிகளில் மற்றொரு குறையும் உண்டு. அவை நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தின. விவரங்களை மிகப் பெரிய அளவில் வைத்திருக்கும் அரசுத் துறைகளை அவை தொடவில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில், வட மாநிலம் ஒன்றிலிருந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததை இங்கே கூறுவது பொருந்தும். எழுத்தர் ஒருவர் காசநோய்ச் சிகிச்சைக்காக இரண்டு மாத விடுப்புக் கேட்டு மருத்துவச் சான்றிதழுடன் விண்ணப்பித்தார். தபால் பதிவேட்டில் பொருள் என்ற கலத்தில் ‘காசநோய்க்காக விடுப்பு’ என்று எழுதப்பட்டது. கோப்பு ஐந்தாறு மேசைகளைக் கடந்து ஆணையாகி வந்தது. அவர் குணமடைந்து பணிக்குத் திரும்பியபோது, அலுவலகத்தில் அனைவரும் பங்கிட்டுக் குடிக்கும் தேநீரில் அவருக்குப் பங்கில்லை. தண்ணீர்ப் பானையருகே அவர் சென்றால் மற்றவர்கள் விலகினர். ஆறு மாதத்திற்குள் அவர் மாறுதல் கேட்டுப் போய்விட்டார். இதில் எவரும் விதியை மீறவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தம் மேசைக்கு வந்த வேலையைச் செய்தனர். விடுப்பு வழங்குவதற்குத் தேவைப்பட்டவை எத்தனை நாள் என்பதும், பணிசெய்ய இயலாத நிலை என்ற மருத்துவரின் கருத்தும் மட்டுமே. நோயின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

விவரம் கசிவது என்றால் கணிப்பொறியை ஊடுருவும் திருடர்களையே நாம் நினைக்கிறோம். திருட்டு நடப்பது உண்மையே. ஆனால் அலுவலக வாழ்வில் பெரும்பாலான தீங்கு இப்படித்தான், வழக்கமான நடைமுறையின் வழியே நேர்கிறது.

இசைவு என்னும் கற்பனை

பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இச்சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து காணலாம். ஒரு விவரத்தைக் கூடுதலாகக் கேட்பதற்கு அலுவலகத்திற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை; படிவத்தில் ஒரு கலத்தைச் சேர்த்தால் போதும். அவ்விவரம் தவறான இடம் சேர்ந்தால் ஏற்படும் நட்டமோ முழுவதும் விவரம் தந்தவரின் தலையில் விழுகிறது. தொழிற்சாலை தன் கழிவை ஆற்றில் விட்டு, அதன் விலையைக் கீழ்க்கரை ஊர்கள் கொடுக்கும் நிலைக்கு இது ஒப்பானது. செலவைப் பிறர் ஏற்கும்போது எதுவும் தேவைக்கு மேல் உற்பத்தியாகும் என்பது பொருளியலின் பாலபாடம். படிவங்களின் கலங்களும் அப்படியே பெருகுகின்றன.

‘அவர் இசைந்துதானே தந்தார்’ என்பது வழக்கமான விடை. சந்தையில் ஒரு கடைக்காரர் அதிகம் கேட்டால் வாங்குபவர் அடுத்த கடைக்குச் செல்லலாம். ரேஷன் அட்டைக்கு அடுத்த கடை எது? முதியோர் ஓய்வூதியத்திற்கு வேறு அரசு எது? வேலை கிடைத்த இளைஞன் படிவத்தின் ஏழாவது கலத்தை நிரப்ப மறுத்தால் அவனுடைய நிலை என்னவாகும்? மறுக்கும் வலிமை இல்லாத இடத்தில் பெறும் இசைவுக்குப் பொருள் இல்லை. ஆகவே அரசும் வேலையளிப்போரும் வைத்திருக்கும் விவரங்களில், தந்தவரின் இசைவை நம்பாமல் பெற்றவரின் பொறுப்பை வலுப்படுத்துவதே வழியாகும். ஸ்ரீகிருஷ்ணா குழு விவரத்தை வைத்திருப்போரை உடைமையாளர் என்று கருதவில்லை. நம்பிக்கையின்பேரில் பிறர் பொருளைக் காப்பவர் என்றே கருதியது. அடைக்கலமாக வந்த பொருளை வைத்திருப்பவர் அதைத் தம் விருப்பப்படி பயன்படுத்த முடியாது.

நீதிமன்றங்கள் காட்டிய வழி

இதைப் பற்றிய தனிச் சட்டம் வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே நம் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளைச் சந்தித்துள்ளன. அவற்றுள் 1991இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கு அலுவலர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளராகத் தேர்வான பெண் ஒருவர், கழகத்தின் மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டுத் தகுதி பெற்று, தகுதிகாண் பருவத்தில் பணியாற்றினார். மகப்பேற்று விடுப்பில் சென்ற அவர், அப்பருவத்திலேயே பணியிலிருந்து நீக்கப்பட்டார். சேரும்போது நிரப்பிய உறுதிமொழிப் படிவத்தில் உண்மையை மறைத்தார் என்பது கழகத்தின் வாதம். அப்படிவத்தை நீதிபதிகள் வரவழைத்துப் பார்த்தனர். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலியுள்ளதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருவுற்றார் என்றெல்லாம் அதில் கலங்கள் இருந்தன. இவை ஒரு பெண்ணின் நாணத்தையும் தன்மதிப்பையும் புண்படுத்துபவை என்று கண்ட நீதிமன்றம், அவரை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவிட்டதுடன், அக்கலங்களையே நீக்குவது நலம் என்றும் கூறியது.

இத்தீர்ப்பின் சிறப்பு எதில் உள்ளது? விவரத்தைப் பூட்டி வையுங்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை; கேட்காதீர்கள் என்றது. உதவியாளர் வேலைக்கும் மாதவிடாய்த் தேதிக்கும் தொடர்பு இல்லை. தொடர்பில்லாத விவரத்தைப் பெற்று வைத்ததால், அது பின்னர் பணிநீக்கத்திற்குக் கருவியாயிற்று. சேகரித்த விவரம் சும்மா கிடப்பதில்லை. யாரேனும் ஒருவர் என்றேனும் அதற்கொரு பயன் காண்பார்.

1997இல் பம்பாய் உயர் நீதிமன்றத்திற்கு வந்த வழக்கும் வேலை பற்றியதே. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர், நிலையான பணிக்குமுன் நடந்த பரிசோதனையில் எச்.ஐ.வி. தொற்று உடையவர் எனத் தெரிந்ததால் வேலை மறுக்கப்பட்டார். உடல் வேலைக்குத் தகுதியாகவே இருந்தது. தொற்று உள்ளது என்ற காரணம் ஒன்றிற்காகவே வேலையை மறுக்க இயலாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தம் பெயரை வெளியிடாமல் வழக்காடவும் அது அனுமதித்தது. உரிமையைக் கேட்க வந்தவன், கேட்டதனாலேயே ஊரறிய அம்பலப்பட்டால் அந்த உரிமையால் பயன் என்ன? 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்று பற்றிய பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அவற்றுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யவேண்டும் என்று விதித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் இத்தகையதே. புகார் தந்தவரின் அடையாளத்தை வெளியிடுவதை அது தடுக்கிறது.

கையைவிட்டுப் போன விவரத்தில் தந்தவருக்கு உரிமை எஞ்சுகிறதா என்பது இன்னொரு கேள்வி. வங்கியிடம் உள்ள பதிவுகள் வங்கியுடையவை, வாடிக்கையாளர் அவற்றில் அந்தரங்க உரிமை கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் கூறியது. நம் உச்ச நீதிமன்றம் 2004இல் கனரா வங்கி வழக்கில் இக்கருத்தை ஏற்க மறுத்தது. வங்கியிலுள்ள ஆவணங்களைப் பார்வையிடக் கலெக்டர் எவரையும் அனுப்பலாம் என்று ஆந்திரப் பிரதேசம் முத்திரைச் சட்டத்தில் செய்திருந்த திருத்தம் செல்லாது என்றாயிற்று. அந்தரங்கம் இடத்தைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது என்பது இதன் அடிப்படை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது இந்த வழித்தடம் உறுதிபெற்றது. 2018இல் ஆதார் வழக்கின் தீர்ப்பு நலத்திட்டங்களுக்கு ஆதாரைப் பயன்படுத்துவதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒருவர் எப்போது அடையாளம் சரிபார்த்துக்கொண்டார் என்ற பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்ற விதியை நீக்கி, ஆறு மாதமே போதும் என்றது. எவ்வளவு காலம் என்ற கேள்வியை நம் அலுவலகங்கள் தாமாக எழுப்புவது அரிதென்பதால் இது குறிப்பிடத்தக்கது.

மக்கட்தொகைக் கணக்கெடுப்பின் முன்மாதிரி

பாதுகாப்பு என்பது புதிய கருத்து என எண்ணவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் கேள்விகளுக்கு விடையளிப்பதைக் கட்டாயமாக்கியது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு, அவ்விடைகளை எவரும் பார்வையிட முடியாது என்றும், பொதுவாக வழக்குகளில் சான்றாக ஏற்க முடியாது என்றும் விதித்தது. கட்டாயமும் காப்பும் ஒன்றாக எழுதப்பட்டன. மறுக்க முடியாதவரிடம் பெற்ற விவரத்திற்கு மிகக் கடுமையான பூட்டு வேண்டும் என்பதை அச்சட்டத்தை வரைந்தோர் உணர்ந்திருந்தனர். 2025 ஜூன் அறிவிக்கையின்படி 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில், 1931க்குப் பின் முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் பதிவு செய்ய முடிவாகியது. அப்பணியின் வெற்றி 15ஆம் பிரிவின்மேல் மக்கள் வைக்கும் நம்பிக்கையைப் பெரிதும் சார்ந்தது.

இப்பூட்டு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு நெதர்லாந்தின் அனுபவம் ஒன்று உண்டு. அங்கே நிர்வாக வசதிக்காக ஒழுங்காகப் பேணப்பட்ட மக்கள் பதிவேட்டில் சமயமும் குறிக்கப்பட்டிருந்தது. 1940இல் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியபின் அப்பதிவேடுகள் யூதர்களைத் தேடிப் பிடிக்க உதவின. 1943 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்திற்கு எதிர்ப்பியக்கத்தினர் தீ வைத்தது இதனாலேயே. பதிவேட்டை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர், திறமையான எழுத்தர்கள்.

பட்டியல் எவ்வளவு திறந்திருக்கலாம்?

இனி இப்பொருளின் கடினமான பகுதிக்கு வருவோம். அந்தரங்கம் என்ற பெயரால் அரசின் கணக்குகளே மூடப்பட்டுவிடலாகாது. இராஜஸ்தானில் 1994இல் கோட் கிரானா என்னும் ஊரில் கிராம மக்கள் கூடி, பொதுப்பணிகளின் மஸ்டர் ரோல்களை உரக்கப் படிக்கச் செய்தனர். வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அப்போது வெளிப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் பற்றிய விவரத்தை அலுவலகங்கள் தாமே வெளியிட வேண்டும் என்றது. பெயரும் ஊரும் இல்லாத பட்டியலைக் கிராம சபை எப்படிச் சரிபார்க்கும்?

ஆனால் அதே கடமையை நிறைவேற்றப் புகுந்த அலுவலகங்கள் எல்லை அறியாமல் சென்றதும் நடந்தது. மைய, மாநில அரசுகளின் ஏறத்தாழ 210 இணையதளங்களில் பயனாளிகளின் பெயர், முகவரியுடன் ஆதார் எண்ணும் வெளியிடப்பட்டிருந்தது 2017இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆதார் எண்ணை இவ்வாறு வெளியிடுவதை 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. சமூகத் தணிக்கைக்கு வேண்டியது இன்னார், இந்த ஊர், இத்தனை நாள், இவ்வளவு கூலி என்பது. பன்னிரண்டு இலக்க எண்ணோ வங்கிக் கணக்கோ அன்று. கணிப்பொறியில் இருந்த அட்டவணையை எந்தக் கலத்தையும் நீக்காமல் அப்படியே ஏற்றிவிட்டதே தவறு. இங்கும் குற்ற நோக்கம் இல்லை, கவனக்குறைவே உண்டு.

இப்பின்னணியில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நோக்கவேண்டும். 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிக்கையின்படி முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரவேண்டியவை. மானியம், சான்றிதழ், உரிமம் போன்றவற்றை வழங்க அரசும், பணி தொடர்பான நோக்கங்களுக்காக வேலையளிப்போரும் இசைவு பெறாமலேயே விவரங்களைக் கையாள இதன் 7ஆம் பிரிவு இடமளிக்கிறது. இசைவு என்னும் கற்பனையைக் கைவிட்ட அளவில் இது நேர்மையானது. ஆனால் இசைவு நீங்கிய இடத்தை வேறு கட்டுப்பாடு நிரப்பியாக வேண்டும். அரசுக்கான விதிகளின் இரண்டாம் அட்டவணை, தேவையான அளவே பெறுதல், தேவையான காலமே வைத்திருத்தல் ஆகியவற்றைக் கூறுகிறது. வேலையளிப்போருக்கு அத்தகைய தனி அட்டவணை இல்லை. கூர் உணர்வுக்குரிய விவரம் என்ற தனி வகையையும் இச்சட்டம் கைவிட்டுவிட்டது.

போதிய பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது பெருந்தொகையே. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். மைய அரசின் துறை ஒன்று அபராதம் செலுத்த நேர்ந்தால் தொகுப்பு நிதியிலிருந்து எடுத்துத் தொகுப்பு நிதியிலேயே போடும். ஒரு சட்டைப் பையிலிருந்து மறு பைக்கு மாறுவதால் எந்த அலுவலரின் நடத்தை மாறும் என்று கேட்கத் தோன்றுகிறது. பாதிக்கப்பட்டவருக்கோ ஒன்றும் கிடைப்பதில்லை. நிறுவனங்களிடமிருந்து இழப்பீடு பெற வழி செய்திருந்த 43-அ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. நட்டத்தை அதை விளைத்தவரே ஏற்கச் செய்வதுதான் முன்னே கூறிய ஆற்றுக் கழிவுச் சிக்கலுக்குத் தீர்வு. இங்கே அத்தீர்வு பாதிதான் உள்ளது. மேலும், இச்சட்டம் கணிப்பொறியிலுள்ள, அல்லது பின்னர் அதில் ஏற்றப்படும் விவரங்களுக்கே பொருந்தும். இரும்பு அலமாரியில் உள்ள பழைய கோப்பு இதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவில் இச்சட்டம் செய்த திருத்தம் 2025 நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொதுப்பணியுடன் தொடர்பில்லாத சொந்த விவரத்தையே மறுக்கலாம். பொதுநலன் பெரிதெனில் அதையும் தரவேண்டும். நாடாளுமன்றத்திற்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது. இப்போது சொந்த விவரம் என்ற ஒரே காரணம் மறுப்பதற்குப் போதும். பொதுநலன் கருதித் தகவல் தரும் 8(2)ஆம் பிரிவு எஞ்சியிருக்கிறது என அரசுத் தரப்பில் விளக்கப்பட்டது. அது உண்மையே. எனினும் முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்துள்ள அலுவலருக்கு மறுப்பது எளிது, தருவது துணிவு என்ற நிலை ஏற்பட்டுள்ளது என்பது என் கருத்து. எளியவரின் நோயைக் காக்க வந்த சட்டம் வலியவரின் சொத்துப் பட்டியலைக் காப்பதோடு நின்றுவிடக் கூடாது.

அலுவலகத் தலைவர் செய்யக்கூடியவை

சட்டம் முழுவதும் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கவேண்டிய கட்டாயம் எந்த அலுவலகத் தலைவருக்கும் இல்லை. ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பணிப்பதிவேட்டைக் காட்டிக் கையொப்பம் பெறவேண்டும் என்ற விதி மிகப் பழையது. பல இடங்களில் அது ஓய்வுபெறும் ஆண்டில்தான் நினைவுக்கு வருகிறது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே பார்ப்பதுதான் பிழைகளைக் களைய முதல் வழி. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையின் ஒவ்வொரு குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் இதன் நீட்சியே. இக்கோப்பை யார் எப்போது திறந்தார் என்ற பதிவு கணிப்பொறியில் எளிது. காகிதத்திலும் ஒரு சீட்டு வைத்தால் முடியும்.

பின்னாளில் ஒரு பிரிவுக்கு நான் பொறுப்பேற்றபோது, மருத்துவச் சான்றிதழை மூடிய உறையில் வைத்து விடுப்பு ஆணை வழங்குபவர் மட்டும் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தோம். தபால் பதிவேட்டில் ‘மருத்துவ விடுப்பு’ என்று மட்டும் எழுதப்பட்டது. அடுத்து, பணியில் சேருவோருக்கான எங்கள் சொந்தப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு கலத்திற்கும் எதிரே எந்த விதியின்படி இது கேட்கப்படுகிறது என்று எழுதுமாறு பிரிவினரைக் கேட்டேன். விதி காட்ட முடியாத கலங்களை அடித்தோம். தந்தையின் வருமானம், முந்தைய நோய்கள், உடன்பிறந்தோர் தொழில் ஆகியவை அவற்றுள் சில. இரண்டு கலங்களை மறுபடி சேர்க்கவேண்டி வந்தது. ஓய்வூதியக் கணக்குக்கு அவை வேண்டும் என்று கணக்குப் பிரிவினர் விதியுடன் வந்து காட்டினர். மற்றவற்றை நான் அங்கிருந்த நான்கு ஆண்டுகளில் எவரும் கேட்கவில்லை.